அவசர ஆர்டரும் கெடு தேதியும்: சிப் தயாரிப்புத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் போர்டு அசெம்பிளி யூனிட் நடத்துபவர்கள், கடலூர் சிப்காட் ஆலைகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பவர்கள், காலாப்பட்டுப் பக்கம் பொறியியல் படித்துவிட்டுப் புரொடக்‌ஷன் பிளானிங் வேலைக்குப் போகிறவர்கள் ஆகிய மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் வேஃபர் ஃபேப்பே (வேஃபர் என்ற சிலிக்கான் வட்டத் தகட்டில் சிப் உருவாக்கும் ஆலை) இல்லையே, இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

இல்லைதான். மொஹாலியில் அரசின் செமிகண்டக்டர் லேபாரட்டரி 180 நானோமீட்டர் அளவில் சிப் செய்கிறது. குஜராத்தின் தொலேராவில் மாதம் 50,000 வேஃபர் திறனுள்ள ஃபேப்புக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் போர்டுகளில் ஏறும் சிப்புகளில் பெரும்பாலானவை தைவான், சீனா, மலேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக வருகின்றன. ஆனால் "14 வாரம் ஆகும்" என்று சப்ளையர் சொல்லும்போது அந்த 14 வாரத்தில் எது நிஜமான வேலை நேரம், எது வரிசையில் காத்திருக்கும் நேரம் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே பேரம் பேசலாம், எங்கே பேசிப் பயனில்லை என்று புரியும்.

முதலில், சாதாரண ஆர்டருக்கே ஏன் இவ்வளவு நாள்?

300 மி.மீ. வேஃபர்கள் 25 சேர்ந்தது ஒரு லாட். ஒரு மூடிய பெட்டியில் அடைத்து, கூரையோரம் ஓடும் தானியங்கி வண்டிகள் மெஷினுக்கு மெஷின் கொண்டு போகும். ஒரு சிப்புக்கு 30, 40 மாஸ்க் அடுக்குகள் (மாஸ்க் என்ற வடிவத் தகட்டின் வழியே ஒளியால் அச்சிடப்படுபவை) சாதாரணம். ஒவ்வொரு அடுக்குக்கும் சுத்தம் செய்வது, படலம் ஏற்றுவது, ஒளி அச்சு, எட்சிங் (வேண்டாத படலத்தை அரித்தெடுப்பது), அயனி செலுத்துதல், அளவெடுப்பு என்று பல படிகள். மொத்தப் படிகள் பல நூறு. முன்னணித் தொழில்நுட்பத்தில் ஆயிரத்தையும் தாண்டும்.

இதில் சிக்கல் படிகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. கார் கம்பெனி லைனில் வண்டி ஒரு நிலையத்தை ஒரே ஒருமுறை கடக்கும். ஃபேப்பில் அதே லாட் அதே ஒளி அச்சுக்கூடத்துக்கு முப்பது, நாற்பது முறை திரும்பி வரும். முதல் அடுக்கில் இருக்கும் லாட்டும் முப்பதாவது அடுக்கில் இருக்கும் லாட்டும் ஒரே ஸ்கேனர் (ஒளி அச்சு மெஷின்) முன்னால் ஒன்றாக நிற்கும். எதை முதலில் விடுவது என்ற கேள்வி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை எழுகிறது.

காத்திருக்காமல் ஓடினால் எவ்வளவு நேரமோ, அதைப்போல் இரண்டரை முதல் நான்கு மடங்கு நேரம் சாதாரண லாட்டுக்கு ஆகிறது. மிச்சம் எல்லாம் வரிசை.

அவசர லாட்டுக்கு என்ன மாறுகிறது?

வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். ஆக்சிஜனேற்றம் நடக்கும் ஃபர்னஸ் அவசர லாட் என்பதற்காக வேகமாக ஓடாது.

ஃபேப்புகளில் பொதுவாக மூன்று முன்னுரிமைத் தரம் வைத்திருப்பார்கள். சாதாரண லாட், ஹாட் லாட், அதற்கும் மேலே சூப்பர் ஹாட் லாட். சில இடங்களில் இந்தக் கடைசி வகையை ராக்கெட், புல்லட் என்று கூப்பிடுவார்கள். ஹாட் லாட் எந்த மெஷினுக்குப் போனாலும் வரிசையில் முதலில் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் லாட் முடிந்தவுடன் இது ஏறும். சூப்பர் ஹாட் லாட்டுக்கு அடுத்த மெஷினை முன்கூட்டியே காலியாக நிறுத்தி வைப்பார்கள். லாட் வந்து சேரும்வரை அந்த மெஷின் சும்மா நிற்கும்.

வேகத்தை ஒரு மாஸ்க் அடுக்குக்கு எத்தனை நாள் என்று அளப்பதுதான் தொழில் வழக்கம். 40 அடுக்கு சிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண வேகம் அடுக்குக்கு 1.6 நாள் என்றால் 64 நாள். ஹாட் லாட்டாக 0.9 நாளில் ஓட்டினால் 36. சூப்பர் ஹாட்டாக 0.5 நாளில் ஓட்டினால் 20. சப்ளையர் "நான்கு வாரத்தில் தருகிறேன்" என்றால் அடுக்கு எண்ணிக்கையைக் கேட்டு வகுத்துப் பாருங்கள். எந்தத் தரத்தில் ஓட்டப்போகிறார், அல்லது வாய்ச்சொல்தானா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு லாட்டை முன்னால் விட்டால் மற்ற ஆர்டர்களுக்கு எவ்வளவு அடி?

இதைத்தான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு எளிய கணக்கு பார்ப்போம்.

ஒரு மெஷின். ஒரு லாட்டுக்குச் சராசரி 1 மணி நேரம். நாள் முழுக்க 90 சதவீதம் வேலை இருக்கிறது. லாட் வரும் நேரமும் ஓடும் நேரமும் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கின்றன. வந்த வரிசையில் விட்டால், வரிசைக் கோட்பாட்டுச் சூத்திரப்படி ஒவ்வொரு லாட்டும் சராசரியாக 9 மணி நேரம் காத்திருக்கும்.

இப்போது 5 சதவீத லாட்டுகளை ஹாட் ஆக்குங்கள். அவற்றின் காத்திருப்பு 1 மணி நேரத்துக்கும் கீழே, சுமார் 0.94க்கு இறங்கும். மற்றவற்றுக்கு 9 என்பது 9.4 ஆகும். யாருக்கும் பெரிதாக வலிக்காது. 30 சதவீதத்தை ஹாட் ஆக்கினால்? ஹாட்டுக்கு 1.23 மணி, மற்றவற்றுக்கு 12.3. விற்பனைப் பிரிவு எல்லாவற்றையும் அவசரம் என்று முத்திரை குத்தி 90 சதவீதம் ஆனால், ஹாட் லாட்டே 4.7 மணி காத்திருக்கும், மிச்சமிருக்கும் பாவப்பட்ட 10 சதவீதம் 47 மணி நேரம் நிற்கும். கோயிலில் எல்லோரும் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கிய நாள் மாதிரிதான்.

கவனியுங்கள், எந்த நிலையிலும் மொத்தச் சராசரி அதே 9 மணிதான். இடத்தை மாற்றிக் கொடுக்கிறோமே தவிர நேரத்தை உண்டாக்கவில்லை.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. அவசர லாட்டுக்காக மெஷினைக் காலியாக நிறுத்துவது, பாதி நிரம்பிய ஃபர்னஸை ஓட்டுவது, நடுவில் செட்டிங் மாற்றுவது எல்லாம் மெஷினின் திறனைத் தின்கின்றன. இவற்றால் 5 சதவீதத் திறன் வீணானால் 90 சதவீதமாக இருந்த சுமை கிட்டத்தட்ட 95 ஆகிவிடும். அப்போது சராசரிக் காத்திருப்பு 9லிருந்து கிட்டத்தட்ட 19 மணியாகிவிடும். சுமை 85லிருந்து 90க்குப் போவதும் 90லிருந்து 95க்குப் போவதும் ஒன்றல்ல. முதலாவதில் 5.7 மணி 9 ஆகிறது, இரண்டாவதில் 9 மணி 19 ஆகிறது. நிரம்பி வழியும் ஃபேப்பில் ஹாட் லாட் இவ்வளவு சேதம் செய்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எத்தனையை அனுமதிக்கலாம்?

தளத்தில் இருக்கும் மொத்த லாட்டுகளில் ஹாட் 5 சதவீதத்தை ஒட்டி இருப்பது ஆரோக்கியம். 10ஐத் தாண்டினால் கெடு தேதிகள் கூட்டமாகச் சறுக்க ஆரம்பிக்கும். சூப்பர் ஹாட்டை விழுக்காட்டில் பேசக் கூடாது, எண்ணிக்கையில் பேச வேண்டும். ஒரு நேரத்தில் தளம் முழுக்க ஒன்று, இரண்டு.

எண்ணைவிட முக்கியம், அதை எப்போது முடிவு செய்கிறோம் என்பது. அவசர ஆர்டர் வந்த பிறகு உட்கார்ந்து "இன்னொன்றைச் சேர்க்கலாமா" என்று விவாதித்தால் பதில் எப்போதும் "சேர்க்கலாம்" என்றுதான் வரும், ஏனென்றால் எதிரில் ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கிறார், பின்னால் தள்ளப்படும் நாற்பது பேர் அந்த அறையில் இல்லை. ஆகவே ஹாட் லாட்டுக்கான இடங்களை முன்கூட்டியே நிர்ணயித்துவிட வேண்டும். உதாரணமாக 12 இடம். பன்னிரண்டும் நிறைந்திருந்தால், பதின்மூன்றாவது உள்ளே வர ஏதாவது ஒன்று கீழே இறங்க வேண்டும். எது இறங்குவது என்பதை விற்பனைப் பிரிவே சொல்லட்டும். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே தணிந்துவிடும்.

எம்.டி.யே நேராக ஷிஃப்ட் இன்சார்ஜுக்குப் போன் போட்டு "அந்த லாட்டை ஏத்துப்பா" என்றால்?

ஏற்றுவார், வேறென்ன செய்வார். அதனால்தான் தரம் மாற்றும் உரிமை ஷிஃப்ட்டில் இருப்பவர் கையில் இருக்கக் கூடாது. கணினியில் தரத்தை மாற்றும் அனுமதி பிளானிங்கில் இருவருக்கு மட்டும் இருந்தால், ஷிஃப்ட்காரர் "சார், எனக்கு அக்சஸ் இல்லை, பிளானிங்கில் சொல்லுங்கள்" என்று மரியாதையாகவே தப்பித்துக்கொள்ளலாம்.

ஹாட் என்று குறித்தும் லாட் நகரவே இல்லை. எங்கே சிக்கிக்கொள்கிறது?

பெரும்பாலும் நான்கு இடங்களில்.

ஃபர்னஸ் முதல் இடம். ஒரே தடவையில் 100 முதல் 150 வேஃபர் வரை, அதாவது நான்கு முதல் ஆறு லாட் ஒன்றாக உள்ளே போகும். ஓட்டம் பல மணி நேரம். ஹாட் லாட் தனியாக வந்து நின்றால் இரண்டே வழி. ஒன்று, அதே ரெசிப்பி (வெப்பம், வாயு, நேரம் ஆகிய ஓட்ட அமைப்பு) உள்ள மற்ற லாட்டுகள் வரும்வரை நிற்பது. இல்லையென்றால் காலி இடங்களில் டம்மி வேஃபர் அடுக்கி ஓட்டுவது. வெப்பமும் வாயுவும் சீராகப் பரவ இடங்கள் நிரம்பியிருக்க வேண்டும், அதற்குத்தான் டம்மி. ஓட்டலாம், ஆனால் முக்கால்வாசித் திறன் போச்சு. தெரிந்த பிளானர் மூன்றாவது வழியைப் பிடிப்பார்: ஹாட் லாட் ஃபர்னஸை அடையப் பத்து மணி நேரம் இருக்கும்போதே, அதே ரெசிப்பியில் போக வேண்டிய சாதாரண லாட்டுகள் மூன்றைத் தேடி, அவற்றையும் சற்று வேகப்படுத்தி, நான்கும் ஒரே நேரத்தில் ஃபர்னஸ் வாசலுக்கு வரும்படி செய்வார். ஹாட் லாட் நிற்கவும் இல்லை, ஃபர்னஸ் வீணாகவும் இல்லை. அவசர லாட் திட்டமிடலில் மிகவும் லாபமான ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம்.

இரண்டாவது, அயனி செலுத்தும் மெஷின். போரானிலிருந்து ஆர்சனிக்குக்கு மாற்றினால் கதிரை மறுபடி நிலைப்படுத்த அரை மணி நேரமோ அதற்கு மேலோ போகும். மாற்றிவிட்டு ஒரு லாட் ஓட்டி மறுபடி திருப்பினால் இரண்டு மடங்கு. ஒரு மணி நேரத்துக்குள் ஆர்சனிக் லாட்டுகள் வரிசையாக வரப்போகின்றன என்றால் ஹாட் லாட்டை அவற்றின் தலையில் வைப்பதே மேல்.

மூன்றாவது, ஒளி அச்சு. அடுக்கின்மேல் அடுக்கு நானோமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டும் என்பதால், முக்கியமான அடுக்குகளை முதலில் எந்த ஸ்கேனரில் அச்சிட்டார்களோ அதிலேயே தொடர வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அந்தக் குறிப்பிட்ட ஸ்கேனர் பராமரிப்பில் நின்றால், பக்கத்தில் மூன்று ஸ்கேனர் சும்மா இருந்தாலும் பயனில்லை. ஆகவே அடுத்த 48 மணி நேரப் பராமரிப்பு அட்டவணையை ஹாட் லாட் பட்டியலோடு ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒப்பிட வேண்டும். மாஸ்க் தகடும் அப்படித்தான். ஓர் அடுக்குக்குப் பெரும்பாலும் ஒரே தகடு. அதே பொருளின் சாதாரண லாட் ஒன்று வேறு ஸ்கேனரில் அதை வைத்துக்கொண்டிருந்தால், ஹாட் லாட் ஏறித் தகடு ஏறாமல் மெஷின் நிற்கும்.

நான்காவதுதான் அதிகம் வயிற்றெரிச்சல் தருவது: ஹோல்டு. அதிகாலை 2 மணிக்கு ஓர் அளவு எல்லையைத் தாண்டுகிறது, சிஸ்டம் லாட்டை நிறுத்துகிறது. விடுவிக்க வேண்டிய என்ஜினியர் காலை 9 மணிக்கு வந்து டீ குடித்துவிட்டுத் திரையைத் திறக்கிறார். ஏழு மணி நேரம் போனது. மெஷின்களை எல்லாம் காலி செய்து சேமித்த நேரம் இதில் கரைந்துவிடும். ஒவ்வொரு ஹாட் லாட்டுக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் ஒருவர், இரவிலும் கூப்பிடக்கூடிய மாற்றாள் ஒருவர் இருக்க வேண்டும்.

நேரம் மிச்சம் பிடிக்க அளவெடுப்புப் படிகளைத் தாண்டலாமா?

சிலவற்றைத் தாண்டலாம். ஒளி அச்சுக்குப் பிறகு வரும் அளவெடுப்பைத் தாண்டவே கூடாது. அங்கே தப்பு தெரிந்தால் ரெசிஸ்ட்டை (ஒளி உணரும் பூச்சை) கழுவி மறுபடி பூசி அச்சிடலாம், சில மணி நேரத்தோடு போகும். எட்சிங் முடிந்த பிறகு தெரிந்தால் அந்த வேஃபர் குப்பை. 36 நாள் திட்டத்தில் 25ஆம் நாள் லாட் போனால் புதிதாக ஆரம்பிக்க நேரம் எங்கே?

சில படிகளுக்கு இடையே காலக்கெடு உண்டு என்கிறார்களே, அது ஹாட் லாட்டை எப்படிப் பாதிக்கும்?

அதைத் தொழிலில் கியூ-டைம் என்பார்கள். கேட் ஆக்சைடுக்கு (டிரான்சிஸ்டரின் மெல்லிய காப்புப் படலம்) முன்னால் வேஃபரைச் சுத்தம் செய்தால், குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் ஃபர்னஸுக்குள் போய்விட வேண்டும். தாமதித்தால் காற்றுப்பட்டுச் சிலிக்கான்மேல் தானாகவே ஆக்சைடு படலம் வளரும். மறுபடி சுத்தம் செய்யலாம், ஆனால் எத்தனை தடவை என்பதற்கு வரம்பு உண்டு.

இங்கே அவசரமே எதிரியாகும். ஹாட் லாட் வந்தவுடன் சுத்தம் செய்யும் தொட்டியில் போட்டுவிடுவார்கள், அங்கே வரிசை இல்லாததால். வெளியே வந்து பார்த்தால் ஃபர்னஸ் இன்னும் நான்கு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். கெடு இரண்டு மணி. லாட் திரும்பத் தொட்டிக்கு. ஃபர்னஸ் எப்போது திறக்கும் என்று உறுதியான பிறகே லாட்டைச் சுத்தத்துக்கு விட வேண்டும். ஹாட் லாட் சும்மா நிற்பதைப் பார்த்து மேலதிகாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

25 வேஃபருக்குப் பதில் ஐந்தே வேஃபர் லாட்டாக விட்டால் வேகமாக வருமா?

எந்த மெஷின் என்பதைப் பொறுத்தது. வேஃபர் ஒவ்வொன்றாக ஓடும் எட்ச் சேம்பரில் ஒரு வேஃபருக்கு 2 நிமிடம் என்றால் 25க்கு 50 நிமிடம், 5க்கு 10. அங்கே நல்ல லாபம். ஃபர்னஸில் ஒன்றானாலும் நூறானாலும் அதே நேரம். நவீன ஸ்கேனர் மணிக்கு 200 வேஃபருக்கு மேல் அச்சிடும், அதோடு ஒட்டிய பூச்சு, சூடேற்றும் வேலைகள்தான் நேரம் பிடிக்கும். எனவே அங்கே லாபம் குறைவு.

பிரித்தால் மிச்ச 20 வேஃபர் தனி லாட் ஆகும், தனிப் பெட்டி, தனி வரிசை. வண்டிகளுக்கும் சேமிப்பு அடுக்குக்கும் சுமை கூடும். புது டிசைனைச் சோதிக்கும் மாதிரி ஆர்டருக்கு ஐந்து வேஃபர் சரி. உற்பத்தி ஆர்டரைத் துண்டாடுவது நல்லதல்ல.

எந்த லாட்டை முதலில் விடுவது என்பதற்கு எந்த விதி நல்லது?

கிரிட்டிகல் ரேஷியோ போதும். கெடுவுக்கு மீதமுள்ள நாட்களை, மீதமுள்ள படிகளுக்குச் சாதாரண வேகத்தில் ஆகும் நாட்களால் வகுக்க வேண்டும். 1க்குக் கீழே வந்தால் தாமதம், மேலே இருந்தால் அவகாசம்.

12 நாள் இருக்கிறது, 16 நாள் வேலை பாக்கி: 0.75. தாமதம்தான். ஹாட் வேகத்தில் அந்த வேலை 9 நாளில் முடியும் என்றால் விகிதம் 1.33 ஆகிறது. அப்படியானால் கடைசிவரை ஹாட்டாக ஓட்டத் தேவையே இல்லை. விகிதம் 1ஐத் தொடும்வரை ஹாட்டாக ஓட்டிவிட்டு இறக்கிவிடலாம், அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். ஏற்றியதை இறக்க மறப்பதுதான் பல ஃபேப்புகளின் வியாதி. ஆறு வாரத்துக்கு முன் யாரோ கேட்ட அவசரம், ஆர்டரே தள்ளிப்போன பிறகும், இன்னும் முதல் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹாட் வேகத்திலும் 14 நாள் ஆகும் என்றால் அந்தக் கெடு ஏற்கெனவே போய்விட்டது. வாடிக்கையாளருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், 12ஆம் நாள் சொல்லாதீர்கள்.

தேவைக்கு மேல் நிறைய லாட் போட்டு வைத்தால் சீக்கிரம் வந்துவிடாதா?

நேர் எதிர். தளத்தில் 30,000 வேஃபர், தினமும் வெளியே போவது 500 என்றால் ஒரு வேஃபர் உள்ளே இருக்கும் காலம் 60 நாள். இன்னும் 5,000 உள்ளே தள்ளினால், வெளியே போவது 500தான் என்கிறபோது, 70 நாள்.

12,000 சிப் அவசரமாக வேண்டும். எத்தனை வேஃபர் போட வேண்டும்?

ஒரு வேஃபரில் 500 டை (அறுத்தெடுக்கும் தனித்தனிச் சிப் துண்டு), அதில் 88 சதவீதம் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 440. அசெம்பிளியில் (டையை உறைக்குள் அடைத்துச் சிப்பாக்கும் கட்டத்தில்) 99 சதவீதம் தேறும்: 435. இறுதிச் சோதனையில் 96 சதவீதம்: சுமார் 418. 12,000ஐ 418ஆல் வகுத்தால் 28.7. ஆக 29 வேஃபர், வழியில் உடையும் ஒன்றிரண்டுக்குச் சேர்த்து 31.

சங்கடம் என்னவென்றால் ஒரு லாட் 25தான். ஆறு வேஃபருக்காக இரண்டாவது ஹாட் லாட் இடம் போகும். ஒரே லாட்டில் 10,400க்கு மேல் சிப் கிடைக்கும். வாடிக்கையாளரிடம் "10,000 முதலில், மீதி சாதாரண வேகத்தில்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் லைனும் ஒரே நாளில் 12,000 போர்டு ஓட்டப்போவதில்லை. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் சுருக்க முடியாதவை எவை?

ஃபர்னஸ் நேரம், பிளாஸ்டிக் உறை வார்க்கும் மோல்டிங்குக்குப் பிறகு 175 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வேகவைப்பது, வாகன ரகத்துக்குக் கேட்கப்படும் பர்ன்-இன் (சூட்டில் ஓட்டிப் பலவீனமான சிப்பைக் களையும் சோதனை). புதுப் பொருளின் தகுதிச் சோதனையில் வழக்கமான 125 டிகிரி, 1,000 மணி நேர ஓட்டம் ஏறத்தாழ 42 நாள். இதை "கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த சிப்பை வாங்காதீர்கள்.

64 நாள், 36 நாள் எதுவும் வேண்டாம், பத்தே நாளில் வேண்டும் என்றால்?

அதற்கு விடை ஃபேப்பில் இல்லை, டை பேங்கில் இருக்கிறது. முடிந்த வேஃபர்களைப் பேக்கேஜ் செய்யாமல் நைட்ரஜன் அலமாரியில் இருப்பு வைப்பதுதான் டை பேங்க். அங்கிருந்து எடுத்தால் மீதி வேலை மெலிதாக்குவது, அறுப்பது, ஒட்டுவது, கம்பி இணைப்பது, மோல்டு செய்வது, சோதிப்பது, சுருளில் ஏற்றுவது. சாதாரணமாக இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். அவசரமாக ஓட்டினால் ஏழெட்டு நாளில் முடியும். ஒரே டை பல பேக்கேஜ்களுக்குப் பொருந்தும் என்பதால் முடிந்த சிப்பை இருப்பு வைப்பதைவிட இதில் பணம் முடங்குவதும் குறைவு.

வாங்குகிறவர் சப்ளையரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "ஹாட் லாட் போட முடியுமா" என்பதல்ல, "டை பேங்கில் இருக்கிறதா" என்பதுதான்.

பர்சேஸ் ஆர்டரில் என்ன எழுதினால் நல்லது?

"மிக அவசரம்" என்று மூன்று ஆச்சரியக்குறி போடுவதால் ஒன்றும் ஆகாது, எல்லா ஆர்டரிலும் அது இருக்கிறது. லைன் நிற்கும் தேதி எது, அதற்கு முன் குறைந்தபட்சம் எத்தனை சிப் வேண்டும், பகுதி டெலிவரி ஏற்பீர்களா, மாற்றுப் பேக்கேஜ் அல்லது மாற்று வேகத் தரம் ஏற்பீர்களா என்ற நான்கையும் எழுதுங்கள். சப்ளையரின் பிளானருக்கு விளையாட இடம் கிடைக்கும். இடம் கிடைத்தவருடைய ஆர்டர்தான் முன்னால் நகரும்.

சென்னை விமான நிலையம் வரை வந்துவிட்டது. இனி ஏன் தாமதம்?

காகிதம். பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சுங்கப் படிவத்தை) விமானம் இறங்கும் முன்பே தாக்கல் செய்யலாம், செய்யுங்கள். ஒருங்கிணைந்த சுற்றுகள், அதாவது சிப்புகள், சுங்கப் பட்டியலில் 8542 தலைப்பில் வருகின்றன, அடிப்படைச் சுங்க வரி இல்லை, ஐஜிஎஸ்டி உண்டு. இன்வாய்ஸில் பார்ட் நம்பரை மட்டும் எழுதி என்ன பொருள் என்று எழுதாமல் விட்டால், வகைப்பாட்டுக் கேள்வி எழுந்து ஒரு நாள் போகும்.

பிறகு நம் ஊர் எல்லை விவகாரம். புதுச்சேரியின் ஜிஎஸ்டி குறியீடு 34, தமிழ்நாட்டுடையது 33. கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டி வரும் இருபது சொச்சம் கிலோமீட்டர் சரக்கும் மாநிலம் விட்டு மாநிலம்தான். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்பிப் பழகியவர்கள் ஒரு லட்சம் வரம்பு என்று நினைத்துக் கோட்டை விடுவதுண்டு. சென்னையிலிருந்து ஈசிஆரில் வந்தால் காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் போய், திரும்ப நகருக்குள் வர வேண்டும். ஒரு சுருள் சிப் சில லட்ச ரூபாய் பெறும், காகிதம் இல்லாமல் அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

மழைக்காலத்துக்கு எவ்வளவு நாள் கூடுதலாக வைப்பது?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய கெடு வைத்தால், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இரண்டு வேலை நாளைத் தனியாக ஒதுக்குங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வண்டி வழியில் மாட்டிக்கொண்டால் இ-வே பில்லின் காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம். டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

அந்த இரண்டு நாளைச் சப்ளையரிடம் சொல்லும் கெடுவிலேயே கழித்துவிட வேண்டும். ஃபேப்பில் ஹாட் லாட் கட்டணம் கொடுத்து வாங்கிய நாட்களை மரக்காணம் வெள்ளத்தில் விடுவதில் அர்த்தமில்லை.

சிப் வந்துவிட்டது. கவரை உடனே பிரித்து எண்ணிப் பார்க்கலாமா?

பிரிக்காதீர்கள். ஸ்டோர்ஸில் ஆர்வக் கோளாறில் செய்யும் இந்த ஒரு வேலை எல்லாவற்றையும் கெடுக்கும். வெற்றிடக் கவரின் லேபிளில் ஈர உணர்திறன் நிலை, அதாவது எம்எஸ்எல் எண், அச்சிடப்பட்டிருக்கும். 3 என்று இருந்தால் பிரித்த பிறகு 168 மணி நேரத்துக்குள் ரீஃப்ளோ (சூட்டு அடுப்பில் போர்டோடு பற்றவைப்பது) ஆகிவிட வேண்டும், 4 என்றால் 72 மணி. அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு மிகாத அறையில். கடற்கரை ஊரில் ஏசி இல்லாத ஸ்டோர்ஸ் நவம்பரில் அந்த 60ஐச் சுலபமாகத் தாண்டும், அப்போது 168 என்ற எண்ணை நம்ப முடியாது. ஏறிய ஈரம் ரீஃப்ளோ சூட்டில் ஆவியாகி சிப் உள்ளே வெடிக்கும், வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

எண்ணிக்கையைச் சுருளின் லேபிளில் சரிபாருங்கள், சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே கவுன்டரில் கவரோடு எண்ணலாம். லைன் தயாரான அன்று பிரியுங்கள். பிரித்தவுடன் உள்ளே இருக்கும் ஈரப்பத அட்டையைப் பாருங்கள், 5, 10, 60 என்று மூன்று வட்டங்கள் இருக்கும். 10 வட்டமும் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியிருந்தால் சூடேற்றி உலர்த்தாமல் லைனுக்கு விடக் கூடாது. பிளாஸ்டிக் சுருளை 125 டிகிரியில் வைத்தால் உருகும். 40 டிகிரியில்தான் உலர்த்த முடியும், அதற்கு நாட்கணக்கில் ஆகும். மீந்த சுருளை அன்றைக்கே 5 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் உள்ள உலர் அலமாரியில் வைத்து, பிரித்த தேதியையும் நேரத்தையும் சுருளின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.